கடலோர வீட்டுக்கு மண் நிறம்: சுண்ணாம்புப் பூச்சா, எமல்ஷனா?

புது வீடு கட்டுகிறவர்கள் கைபேசியில் காட்டுகிற படங்கள் எல்லாம் இப்போது ஒரே சாயல்தான். செங்கல் நிறச் சுவர், மணல் நிறத் திரை, தேக்கு மேஜை, மூலையில் ஒரு பெரிய மண்பானை. பளபளப்பு இல்லாமலேயே செல்வாக்குத் தெரிகிற அலங்காரம். கீழக்கரையில் எங்கள் கூடத்துக்கும் அதைத்தான் எடுத்தோம். நிறத்தில் தகராறு இல்லை. அந்த நிறத்தை எதில் கொண்டுவருவது என்பதில்தான் வீடு இரண்டு கட்சியானது. சவூதியில் இருக்கிற மச்சான், பட்டி பார்த்து (சுவரை மாவுப் பூச்சால் சமப்படுத்தி) எமல்ஷன், அதாவது டப்பாவில் வரும் பெயின்ட், அடித்தால் போதும் என்றார். வாப்பா சுண்ணாம்புக் கட்சி. கடைசியில் கீழ்க்கூடத்துக்குச் சுண்ணாம்பு, மாடி அறைகளுக்கு எமல்ஷன் என்று முடிந்தது. அடுத்த தெருவில் லாத்தா (அக்கா) வீட்டுக் கூடம் முழுக்க எமல்ஷன். ஏறக்குறைய ஒரே சமயத்தில் எழும்பிய வீடுகள், தண்ணீரும் மணலும்கூட ஒரே மாதிரி. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் போயிற்று.

எமல்ஷனுக்கு உள்ள நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஷேடு கார்டில் விரல் வைத்த நிறம் சுவரில் அப்படியே வரும். பெயின்டர் எந்த ஊரிலும் கிடைப்பார். வேலை சீக்கிரம் முடியும். பிள்ளைகள் கை வைத்த கறையை ஈரத்துணியால் துடைக்கலாம். சுண்ணாம்பில் இது எதுவும் இல்லை. ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்ததும் பாதி வெளுத்துவிடும். குங்குமச் சிவப்பு, காப்பிக்கொட்டை நிறம் என்று ஆழமாகப் போக முடியாது. செலவு என்று பார்த்தால் எமல்ஷனில் பணம் டப்பாவுக்குப் போகிறது, சுண்ணாம்பில் கொத்தனார் கூலிக்குப் போகிறது. எங்களுக்குச் சுண்ணாம்புதான் கூட ஆயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் நான் சுண்ணாம்பின் பக்கம் நிற்பது ஒரே காரணத்துக்காக. உப்பு.

எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே விஷயம் புரியும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. இதற்குப் பயந்து கான்கிரீட்டுக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள்கூட, பூச்சு வேலைக்கும் சுவர் நனைப்பதற்கும் போர் தண்ணீரையே திறந்துவிடுகிறார்கள். அப்புறம் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிற ஓதம், அதாவது மண்ணின் ஈரம், வேறு. ஈரம் சுவரின் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும்போது உப்பு அங்கேயே படிகமாகத் தங்கும். சுண்ணாம்புச் சுவரில் ஈரம் தடையில்லாமல் வெளியே போகிறது, உப்பும் வெளியே வந்து மாவாகப் பூக்கிறது. எமல்ஷன் ஒரு தோல். உப்பு அந்தத் தோலுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளுகிறது.

லாத்தா வீட்டுக் கூடத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியிருக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்கி, பட்டியும் உப்பும் சேர்ந்து வெள்ளைத் தூளாகக் கொட்டும். உள்ளே கை வைத்தால் பூச்சே சொரசொரவென்று உதிரும்.

இங்கேதான் மண் நிறத்தின் வம்பு. வெள்ளைச் சுவரில் உப்புப் பூத்தால் யாருக்கும் தெரியாது. கிரீம் நிறத்தில்கூட ஒருவாறு மறைந்துவிடும். செங்கல் நிறத்தில் அது பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். நம்மூரில் முன்பு எல்லோரும் வெள்ளையும் இளநீலமும் அடித்துக்கொண்டிருந்தவரை உப்பை மறந்து வாழ முடிந்தது. இந்தப் புது நாகரிகம் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சரி, பூத்துவிட்டது என்று வையுங்கள். இரண்டிலும் பூக்கத்தான் செய்யும், சுண்ணாம்பு உப்பை நிறுத்தாது. அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். எங்கள் கூடத்தில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிவிடுவோம். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். ஓர் இடம் வெளிறிப்போனால் அதே கலவையைக் கரைத்து இரண்டு கை பூசினால் போதும். சுண்ணாம்பு நிறம் எப்படியும் மேகம் மாதிரி ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும், ஒட்டுப் போட்டது தெரியாது. இதற்காகவே சுண்ணாம்பு எவ்வளவு, நிறத்துக்கான காவிப் பொடி எவ்வளவு என்று எடை போட்டு எழுதி வைத்திருக்கிறோம். எமல்ஷனில் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதே நம்பர் ஷேடை வாங்கி அடித்தாலும் பழைய சுவர் வெயிலில் கொஞ்சம் மங்கியிருக்கும். பற்றுப் போட்ட இடம் தனியாக நிற்கும். கடைசியில் முழுச் சுவரையும் அடிக்க வேண்டும். லாத்தா வீட்டில் பெருநாளுக்குப் பெருநாள் இதே வேலைதான்.

கீழே மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாமே என்பார்கள். வேண்டாம். ஆவியாக வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறிக் கண்ணுக்கு நேராகப் பூக்கும்.

மண் நிறம் சுண்ணாம்பில் எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்கிறவர்களை நான் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போகச் சொல்வேன். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் காலத்தில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய ஓவியங்கள். சிதைந்த இடங்கள் உண்டு, ஆனால் செங்காவி இன்னும் செங்காவியாகவே இருக்கிறது. செங்காவியும் மஞ்சள் காவியும் இரும்பு ஆக்சைடுகள். சுண்ணாம்பின் காரமும் வெயிலும் அவற்றை அசைக்காது. தனுஷ்கோடி தேவாலயத்தை உதாரணம் காட்டுகிறவர்களும் உண்டு. 1964 புயலுக்குப் பிறகு அங்கே மிஞ்சியது சுவர்தான், கூரை இல்லை, பூச்சும் பெரும்பாலும் போய்விட்டது. அதை உள்அலங்காரத்துக்குச் சாட்சியாக அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

செய்த விதம் சுருக்கமாக. செங்கல் மேல் நேராகச் சுண்ணாம்புக் கலவை, நடுவில் சிமென்ட் பூச்சு கிடையாது. கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேருகிற இடத்தில் வலை வைத்துப் பூச வேண்டும், இல்லாவிட்டால் கோடு விழும். கடைசிப் பூச்சில் காவியைக் கலந்து, கரணையால் தேய்த்து ஏற்றினார்கள். காவி, சுண்ணாம்பு எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சாய்ந்தவர் சட்டையில் ஒட்டும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டது கொத்தனாரின் பிடிவாதம். காற்று வேகமாக அடிக்கிற மாதங்களில் பூசினால் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். தை, மாசியில் தொடங்கி, நல்ல தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மெதுவாகக் காயவிட்டோம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் போட்டோம். சூளையில் சுடாத கல், கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. மண் நிறச் சுவரோடு அது சேருகிற மாதிரி வழவழ டைல்ஸ் சேராது, அவ்வளவுதான். மரத்தில் தேக்கு இல்லாவிட்டால் வேப்பமரம் வையுங்கள். அழுத்திய மரத்தூள் பலகை இந்த ஈரத்தில் ஊதிவிடும். கைப்பிடி, கீலுக்குப் பித்தளை. விளக்கின் ஒளி நிறம் 3000 கெல்வினுக்கு மேல், அதாவது மஞ்சள் குறைந்து வெள்ளையாகப் போனால் செங்காவி சவக்களை கட்டும்.

சுண்ணாம்பை நான் பார்த்தது உள்சுவரில் மட்டும், அதுவும் சில மழைக்காலம்தான். கடலைப் பார்த்த வெளிச்சுவருக்கு இதையே சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. மாடி அறைகளில் எமல்ஷன் இதுவரை சுத்தமாக நிற்கிறது. அவ்வளவு உயரத்துக்கு ஓதம் ஏறாததுதான் காரணமாக இருக்கும். அதனால் மேல்தளத்துக்கும், எண்ணெய்ப் புகை படிகிற சமையலறைக்கும் எமல்ஷனே போதும். கையில் இருக்கிற பணம் ஒரே ஓர் அறைக்குத்தான் வரும் என்றால், தரைத்தளக் கூடத்துக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.