டாஸ்மோட்டாவா, இஎஸ்பிஹோமா? கோளாறு வந்தால் எது கைகொடுக்கும்

டாஸ்மோட்டா, இஎஸ்பிஹோம் இரண்டும் ஸ்மார்ட் சுவிட்சுக்குள் கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் மென்பொருள்கள். ஒன்றிரண்டு ஸ்மார்ட் சுவிட்ச்தான் என்றால் டாஸ்மோட்டாவையே சொல்வேன். காரணம் அதன் கன்சோல், அதாவது கட்டளை தட்டும் பக்கம். பிரவுசரில் சுவிட்சின் ஐபி முகவரியைத் திறந்து, கன்சோலில் 'வெப்லாக் 4' கொடுத்தால் உள்ளே நடப்பது வரிவரியாக ஓடும். ரூலை ('இது நடந்தால் அதைச் செய்' என்ற விதி) அங்கேயே திருத்தலாம், கம்பைல் (மென்பொருளை மறுபடி உருவாக்குவது) வேண்டாம். ரூல் எழுதியும் அசையவில்லையா? 'ரூல்1 1' கொடுத்து அதை இயக்கினீர்களா என்று முதலில் பாருங்கள்.

கரண்ட் விட்டுவிட்டு வரும் வீடுகளில் இன்னொரு தொல்லை: சட்டுசட்டென்று 7 முறை ஆஃப் ஆகி ஆன் ஆனால் டாஸ்மோட்டா செட்டிங்கை எல்லாம் அழித்துவிடும். 'செட்ஆப்ஷன்65 1' அதைத் தடுக்கும். இதை நிறுவிய அன்றே செய்துவிடுங்கள்.

இஎஸ்பிஹோமில் சின்னத் திருத்தத்துக்கும் மறுபடி கம்பைல், மறுபடி அப்லோடு. பொறுமை வேண்டும். ஆனால் யாமல் ஃபைலில் (செட்டிங்கை எழுதும் ஃபைல்) பிழை இருந்தால் சுவிட்சுக்குப் போகுமுன்பே சொல்லிவிடும். தொடர்ந்து பூட் ஆகாமல் போனால் சேஃப் மோடுக்குப் போய், வைஃபை வழியாகவே சரிசெய்ய விடும். மின் அளவீடு வரவில்லை, மின்சாரத்தை அளக்கும் சிப் சிஎஸ்இ7766 என்றால், லாகரின் (நடப்பதைப் பதியும் பகுதி) பாட் ரேட்டை (தகவல் அனுப்பும் வேகம்) 0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் அந்தச் சிப்புக்கு வேண்டிய சீரியல் பின்னை லாகர் பிடித்துவைத்திருக்கும்.

எதுவானாலும் சீரியல் கேபிள் (கணினியிலிருந்து சுவிட்சுக்கு மென்பொருள் ஏற்றும் கம்பி) மாட்டும்போது 230 வோல்ட் இணைப்பு அறவே கூடாது.