பழைய 7-ஆம் எண் இழைப்புளி: அடியை மட்டமாக்கி ஓட்டிப் பார்த்ததில்

ஸ்டான்லி என்ற கருவி நிறுவனத்தின் 7-ஆம் எண் அளவிலேயே இங்கிலாந்தில் வார்த்த பழைய இழைப்புளி என்னுடையது. நீளம் 22 அங்குலம், பிளேடு அகலம் 2⅜ அங்குலம், எடை மூன்றரை கிலோவுக்கு மேல். அடியைத் தேய்த்து மட்டமாக்கி சில வருடங்கள் ஆகின்றன. தேய்த்த சூட்டில் எந்த இழைப்புளியும் பிரமாதமாகத்தான் சீவும் என்பதால், ஓட்டிப் பார்த்துவிட்டே எழுதலாம் என்றிருந்தேன்.

வாங்கியபோது அடியில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் முனையும் வாலும் அதைத் தொட்டன. பிளேடு எட்டிப் பார்க்கும் வாய்ப்பக்கம் மட்டும் 0.15 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் பிளேடை அந்தப் பள்ளத்தைத் தாண்டி இறக்கினால்தான் அது மரத்தையே தொடும். அப்படி இறக்கினால் பலகையின் இரண்டு கோடியிலும் தடிமனாகக் கடித்துவிடும். ஓரம் சீவிய இரண்டு தேக்குப் பலகைகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் முட்டிக்கொண்டு கோடிகளில் வெளிச்சம் தெரியும். கிளாம்ப் போட்டு இறுக்கி ஒட்டலாம்தான். மரம் காயக் காய முதலில் வாய் பிளப்பது அந்தக் கோடிகள்தான்.

இதில் ஒரு அதிர்ஷ்டம், பள்ளம் நடுவில் இருந்தது. அடி நடுவில் மேடாக இருந்து ஆடினால் உப்புத்தாளில் எவ்வளவு தேய்த்தாலும் ஆடிக்கொண்டேதான் தேயும். அதற்கு முதலில் மேட்டை மட்டும் அரத்தாலோ ஸ்கிரேப்பராலோ இறக்க வேண்டும்.

கோவையில் சர்ஃபேஸ் கிரைண்டிங் (சுழலும் கல்லால் இரும்பை மட்டமாக அறுப்பது) பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் கொடுக்கவில்லை. இந்த நீளத்துக்கு வார்ப்பு கொஞ்சம் வளையும். மெஷினின் காந்தப் படுக்கை அதை இழுத்து நேராக்கிப் பிடிக்கும், கல் மட்டமாக அறுக்கும், காந்தத்தை விட்டதும் பழைய வளைவுக்குத் திரும்பிவிடும். அடியில் தகடு கொடுத்துப் பிடிக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் சரி.

நான் பிடித்தது கிரானைட் கடையில் மிஞ்சிய நீளத் துண்டு. கிரானைட் என்றாலே மட்டம் என்று நம்பக்கூடாது. மூலைக்கு மூலை ஸ்கேல் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். அதன்மேல் 80 நம்பர் உப்புத்தாள் ரோலை மூன்றடி நீளத்துக்கு ஒட்டினேன். தாள் இழைப்புளியைவிட நல்ல நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முனைகள் உருண்டுவிடும். பிளேடை உள்ளே இழுத்து, ஆனால் வேலை செய்யும் இறுக்கத்திலேயே மாட்டி வைத்துத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் அந்த இறுக்கமே அடியைச் சற்று வளைக்கும். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினால் ஆட்டம் வரும், அதனால் விரல்களை உடம்பின் ஓரத்தில் தாழ வைத்துக்கொண்டேன். மார்க்கரில் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேய்த்தால் எங்கே படுகிறது என்று தெரியும். தாள் மழுங்கியதும் இரக்கமில்லாமல் மாற்றுங்கள். மழுங்கிய தாள் வெட்டாது, சூடுதான் ஏற்றும். சூடு ஆறாமல் அளந்தால் அளவும் பொய் சொல்லும்.

முனை, வாயின் முன்விளிம்பு, வால் ஆகிய மூன்றும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். இடையில் சில இடங்களில் மார்க்கர் கோடு அப்படியே நின்றது. அதை அழிக்கப் பாடுபடுவது வீண் வேலை. பிறகு 120 நம்பர் தாள், அத்தோடு சரி. கண்ணாடி மாதிரிப் பளபளப்பெல்லாம் படம் எடுக்கத்தான்.

இத்தனை வருடம் கழித்து அதே ஸ்கேலில் பார்த்தால் 0.04 மி.மீ. ஃபீலர் எங்கும் நுழையவில்லை. வாய்க்கு முன்னால் நடுவில் ஒரு பட்டை மட்டும் மற்ற இடங்களைவிட மினுமினுக்கிறது. பலகை ஓரம் எப்போதும் அந்த வழியாகவே போவதால் முதலில் தேயப்போவதும் அங்கேதான். மெல்லிய சீவல் ஆறடிப் பலகையில் அறுபடாமல் வருகிறது. பிளேடு மட்டும் அடிக்கடி தீட்டக் கேட்கிறது, தேக்கில் இருக்கும் சிலிக்கா அப்படி.

எதிர்பாராத தொல்லை ஒன்று: மட்டமான அடி மரத்தில் நன்றாகவே ஒட்டிக்கொள்கிறது. மெழுகுவர்த்தியால் இரண்டு கோடு இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. புதிதாகத் தேய்த்த இரும்பு மழைக்காலத்தில் சீக்கிரம் துரு பிடிப்பதால், தையல் மெஷின் எண்ணெய் தடவிய துணியும் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கவாட்டுகள் அடிக்குச் செங்குத்தாக இல்லை. ஷூட்டிங் போர்டில் (இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஓட்டும் பலகை) வைத்து ஓட்டுவதில்லை என்பதால் அவற்றைத் தொடவே இல்லை.