5க்கு 3 நிலைச்சட்டமும் 12 அங்குலப் பலகையும்: எந்த மைட்டர் ரம்பம்?

கதவு நிலைக்கு வரும் மரத்தை நம் பட்டறைகளில் இன்றும் "அஞ்சுக்கு மூணு", "நாலுக்கு மூணு" என்று அங்குலத்தில்தான் சொல்கிறோம். சுழலும் பிளேடை மேலிருந்து இறக்கி மரத்தைக் குறுக்கே அறுக்கும் மைட்டர் ரம்பத்தின் பெட்டியிலோ எல்லா அளவும் மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு கணக்கையும் பொருத்திப் பார்க்காமல், ஸ்லைடிங் என்றால் எதையும் அறுத்துவிடும் என்ற பேச்சை நம்பி வாங்குகிறவர்கள், முதல் நிலைச்சட்டத்தை மேசைமேல் வைக்கும்போதுதான் பிளேடு அடிவரை இறங்கவில்லை என்பதைக் காண்கிறார்கள். 5க்கு 3 என்பது 127க்கு 76 மில்லிமீட்டர். இந்த ஒரு சட்டத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, கடையில் அருகருகே நிற்கும் கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம் ஊரில் பரவலாகப் புழங்கும் மக்கிட்டா எல்எஸ்1040 நகராத வகை. தலைப்பகுதி மேலும் கீழும் மட்டுமே அசையும். 10 அங்குல பிளேடு கொண்ட இதன் நேர்வெட்டுத் திறன் ஏறத்தாழ 69 மி.மீ. உயரம், 130 மி.மீ. அகலம், மரம் ஒடுக்கமாக இருந்தால் 93க்கு 95. நம் சட்டத்தைப் படுக்கவைத்தால் அகலம் போதும், உயரம் 7 மி.மீ. போதாது, நிமிர்த்தி வைத்தால் 127 மி.மீ. உயரத்தை அது எட்டவே எட்டாது. சரி, தலைப்பகுதி முன்னும் பின்னும் ஓடும் நகரும் வகைக்கு, அதாவது ஸ்லைடிங்குக்குப் போவோம். 216 மி.மீ. பிளேடு கொண்ட பாஷ் ஜிசிஎம் 8 எஸ்ஜெஎல் 312 மி.மீ. அகலம்வரை அறுக்கும், ஆனால் உயரம் 70 மி.மீ. மட்டுமே. ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலமுள்ள பலகையையே அறுக்கிற கருவி, அரை அங்குலம்கூட இல்லாத உயரக் குறையால் நிலைச்சட்டத்தில் தோற்கிறது. 260 மி.மீ. பிளேடு கொண்ட மக்கிட்டா எல்எஸ்1018எல் ஏறத்தாழ 91க்கு 310 என்பதால் இதை ஒரே இழுப்பில் முடித்துவிடும். நகராத 12 அங்குல ரம்பமும் முடித்துவிடும், அதுவும் இழுக்கவேண்டிய தேவையே இல்லாமல், ஒரே அமுக்கில்.

ஆக, தலைப்பகுதி ஓடும் தண்டவாளம் தருவது அகலம் மட்டுமே. உயரத்தைத் தருவது பிளேடின் விட்டம். விளம்பரப் படங்களில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. உங்கள் பட்டறைக்கு வரும் மரம் கனமானதா, அகலமானதா என்பதுதான் முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி. நிலையும் ஜன்னல் சட்டமும் கட்டில் காலுமே முக்கால்வாசி வேலை என்றால், நகராத 12 அங்குலமே பொருத்தமானது என்பது என் கருத்து. படிக்கட்டுப் பலகை, 10 முதல் 12 அங்குல அலமாரித் தட்டு, பெஞ்சுப் பலகை ஆகியவை வாரந்தோறும் வருமானால் அந்த ரம்பம் 8 அங்குலத்துக்கு அருகிலேயே நின்றுவிடும். அங்கே நகரும் வகைக்கு மாற்று இல்லை. 45 டிகிரியில் அகலம் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்காகச் சுருங்குவதையும் நினைவில் கொள்ளவேண்டும்: நேராக 310 அறுக்கும் கருவி, சாய்வாக 220 மி.மீ. அளவில் நின்றுவிடும்.

நகரும் ரம்பத்துக்கு மட்டுமே உரிய இன்னொரு திறன் உண்டு. விற்பவர்கள்கூட அதைச் சொல்வதில்லை. ஆழத் தடை உள்ள மாடல்களில் பிளேடை மரத்தின் பாதிக் கனத்தில் நிறுத்தி, பக்கம் பக்கமாகப் பல வெட்டுகள் போட்டு, இடையில் நிற்கும் மெல்லிய தகடுகளை உளியால் தட்டிவிட்டால், இரு சட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் பாதிக்குடைவு இணைப்பு சில நிமிடங்களில் தயாராகும். நகராத வகையில் இதே வெட்டின் அடித்தளம் பிளேடின் வட்டத்தை ஒட்டிக் கிண்ணம்போல் குழிந்துவிடும். நகரும் வகையிலும், மரத்தைச் சாய்த்து நிறுத்தும் பின்தடுப்பை ஒட்டிய முனையில் அந்த வளைவு கொஞ்சம் மிஞ்சும். மரத்துக்கும் பின்தடுப்புக்கும் இடையில் நேரான ஒரு ரீப்பரைச் செருகிவிட்டால் வளைவு ரீப்பரிலேயே விழுந்துவிடும், சட்டம் முழுக்கச் சமதளமாக வரும்.

இவற்றுக்கெல்லாம் கொடுக்கும் விலை துல்லியம். நகராத ரம்பத்தில் அசைவது ஒரு கீல் மட்டுமே. நகரும் வகையில் அந்தக் கீலோடு இரண்டு குழாய்களும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளும் சேர்ந்துகொள்கின்றன, தலைப்பகுதி முழுதாக வெளியே வந்து நிற்கும்போது கைப்பிடியில் கொடுக்கும் பக்கவாட்டு அழுத்தம் நேராக பிளேடுக்குப் போகிறது. 12 அங்குல பிளேடுக்கும் குறை இல்லாமல் இல்லை: விட்டம் கூடியதால் வைரம் பாய்ந்த தேக்கில் விளிம்பு கொஞ்சம் நெளியக்கூடும். ஆனாலும் தண்டவாளத்தின் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் அது சிறிது என்றே என் கைக்குப் படுகிறது.

எந்த வகையானாலும் கோணத்தைச் சோதிக்க மூலைமட்டத்தைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இரு விளிம்பும் நேராகவும் இணையாகவும் இழைத்த, 300 மி.மீ. அகலப் பலகை ஒன்றை 90 டிகிரியில் அறுக்கவேண்டும். ஒரு துண்டை மட்டும் மேல்கீழாகப் புரட்டி, இரண்டையும் ஒரே நேர்ச்சட்டத்தில் ஒட்டவைத்து வெட்டுமுகங்களைச் சேர்க்கவேண்டும். ரம்பத்தில் பத்தில் ஒரு டிகிரி பிழை இருந்தாலும், வெட்டில் அரை மி.மீ. ஆக இருப்பது இங்கே இரட்டித்து, ஒரு முனையில் 1 மி.மீ. இடைவெளியாகக் கண்ணுக்கு முன்னால் திறந்து நிற்கும். படச்சட்டம் செய்பவர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் அவசியம்: நான்கு மூலைகளில் எட்டு வெட்டுகள் சேர்வதால், ஒவ்வொன்றிலும் கால் டிகிரி பிழை என்றால் கடைசி மூலையில் அது 2 டிகிரியாகக் குவிந்துவிடும். பூஜை அறைக் கதவுக்கு நான் அடித்த பீடிங்கில் நான்காவது மூலை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோதுதான் இந்தக் கூட்டல் எனக்கு உறைத்தது. அதுவரை மரம் காயவில்லை என்று மரத்தின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

இடமும் ஒரு கணக்கு. குழாய்கள் பின்னோக்கி நீளும் மாடல்களுக்குச் சுவரிலிருந்து ஓர் அடியாவது விடவேண்டும். 2 அடி ஆழ மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கும் சிறு பட்டறையில், அந்த ஓர் அடிக்காக மேசையையே நடுவுக்கு இழுக்கவேண்டி வரும். குழாய்க்குப் பதிலாக மடங்கும் கை கொண்ட பாஷ் ஜிசிஎம் 12 ஜிடிஎல் போன்றவை சுவரருகே நிற்கும், ஆட்டமும் குறைவு. ஆனால் எடை 32 கிலோ அளவில் இருப்பதால், தளம் விட்டுத் தளம் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது உதவாது. எல்எஸ்1040 சுமார் 11 கிலோதான். இங்கே மின்சாரத்தையும் சொல்லவேண்டும்: 1600 வாட் கருவி 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுக்கும், ஆகவே 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டுவதற்குரியது அன்று, பவர் பிளக்கிலிருந்து தடித்த ஒயர் இழுத்துக்கொள்வதே முறை.

பிளைவுட் அலமாரி செய்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. 2 அடி ஆழப் பக்கப்பலகையை இவற்றில் எதுவும் அறுக்காது. அவர்கள் வழிகாட்டிச் சட்டத்தில் ஓடும் வட்ட ரம்பத்தில் பணத்தைப் போடட்டும்.

பயன்படுத்தும் முறையில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். நகரும் ரம்பத்தின் தலையை முதலில், பிளேடு மரத்தைத் தொடாத உயரத்தில், நம்மை நோக்கி முழுதாக இழுத்து, அங்கே சுவிட்சை அழுத்தி, முழு வேகம் வந்தபின் கீழே இறக்கி, அதன்பிறகு பின்னோக்கித் தள்ளித்தான் அறுக்கவேண்டும். பிளேடின் அடிப்பற்கள் பின்தடுப்பை நோக்கி ஓடுகின்றன. ஆகவே தள்ளும்போது மரம் பின்தடுப்போடு அழுந்தி அடங்கியிருக்கும். சுழலும் பிளேடை மரத்துக்குள் வைத்தபடி நம் பக்கம் இழுத்தால், அதே பற்கள் மரத்தைக் கவ்வி, தலைப்பகுதி மரத்தின்மேல் ஏறி ஆளை நோக்கிப் பாயும். இதனால்தான் இந்த ரம்பங்களுக்குப் பல்லின் முன்சாய்வு மிகக் குறைவாகவோ பின்னோக்கியோ அமைந்த பிளேடு பரிந்துரைக்கப்படுகிறது. டேபிள் ரம்பத்திலிருந்து கழற்றிய, சாய்வு மிகுந்த பிளேடை இதில் மாட்டக்கூடாது. ஒடுக்கமான மரத்துக்கு நகர்த்தவே வேண்டாம். தலையைப் பின்னால் பூட்டிவிட்டு அமுக்கினால் போதும், ஆட்டமும் குறையும்.

வளைந்த ரீப்பர் வந்தால், புடைத்த பக்கம் பின்தடுப்பைத் தொடுமாறும், வெட்டுமிடத்தில் இடைவெளி இல்லாதவாறும் வைக்கவேண்டும். மாற்றி வைத்தால் வெட்டு முடியும் கணத்தில் இரு துண்டுகளும் உட்புறம் சரிந்து பிளேடை இறுக்கிப் பிடிக்கும். எனக்கு ஒருமுறை அப்படிப் பிடித்து, ஒரு சாண் வேங்கைத் துண்டு பட்டறையின் அந்தப் பக்கச் சுவரில் போய் மோதியது. அந்தக் காரை பெயர்ந்த இடத்தை இன்னும் பூசவில்லை. கையை பிளேடிலிருந்து 6 அங்குலத்துக்கு உள்ளே கொண்டுபோகவேண்டிய அளவு சிறிய துண்டு என்றால் கிளாம்பு போடவேண்டும். சுவிட்சை விட்டபின் பிளேடு நிற்கும்வரை தலையைக் கீழேயே பிடித்திருக்கவேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே சேர்த்துவிட்டது. கருவியோடு வரும் துணிப்பை பாதித் தூளைப் பிடித்தாலே அதிகம், முகமூடி கட்டாயம்.

கடையில் பணம் கட்டுமுன், பிளக்கைப் பிடுங்கிய நிலையில் ரம்பத்தின் தலையை முழுதாக வெளியே இழுத்துக் கீழே அமுக்கி, கைப்பிடியை இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். பிளேடின் முனை கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிக்க மறுக்கும் கடையில் நகராத 12 அங்குலத்தை வாங்கலாம். நகரும் வகையை வாங்கவேண்டாம்.