வாஜிமா ட்ரேயும் ஹாகி கோப்பையும்: சேர்த்து வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த வாஜிமா ட்ரே, அதாவது ஜப்பானின் வாஜிமா ஊரில் அரக்குப் பூசிச் செய்த ட்ரே, ஒருவழியாகக் கைக்கு வந்தது. அதே நேரத்தில், ஓசாகாவில் புது வீட்டுக்குப் போகிற நண்பர் ஒருவர், சாப்பாட்டு மேசைக்கு அரக்குப் பாத்திரம் வாங்கலாமா, மண் கோப்பை வாங்கலாமா, எது உழைக்கும் என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் வாஜிமா அரக்குப் பூசிய மிசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப்) கிண்ணம். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜப்பானில் கிண்ணத்தைக் கையில் தூக்கி வாயருகே வைத்துத்தான் குடிப்பார்கள், அதற்கென்றே செய்தது போல இருக்கிறது: உள்ளே மரம் என்பதால் சூடான சூப்பை ஊற்றினாலும் கை சுடாது, விளிம்பு உதட்டில் மெத்தென்று படும். வாஜிமாவில் விளிம்பு மாதிரி சீக்கிரம் அடிபடும் இடங்களில் துணி ஒட்டி, அந்த ஊர் மண்ணைச் சுட்டுப் பொடித்து உருஷி மரப்பாலோடு (அரக்கு என்று நான் சொல்வது இதைத்தான்) குழைத்து அடிப்பூச்சாகப் பூசுகிறார்கள். அதனால்தான் தினமும் புழங்கியும் என் கிண்ணத்தில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. மென்மையான பஞ்சால் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும், டிஷ்வாஷர், மைக்ரோவேவ், நேர் வெயில் மூன்றும் கூடாது, அவ்வளவுதான்.

என் கோபமெல்லாம் ட்ரே மேல்தான். சரியாகச் சொன்னால், ட்ரேயையும், ஜப்பானின் ஹாகி ஊர் மண் கோப்பைகளையும் ஒரே மேசையில் ஜோடியாக அடுக்கிவைத்து விற்ற கடை மேல். கண்ணாடி போல முகம் தெரிகிற கறுப்பு ட்ரே அது. கடைசிப் பூச்சைக் கரியால் தேய்த்து, அப்புறம் நுண்ணிய பொடியால் கையாலேயே மெருகேற்றிக் கொண்டுவரும் பளபளப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கோப்பை வைத்த இடத்திலெல்லாம் பிறை பிறையாகக் கீறல்கள். கோப்பையைக் கவிழ்த்து அடிவளையத்தில் விரலை ஓட்டினேன், நறநறவென்று மணல். ஹாகிக்கு எடுக்கும் மண்ணே மணல் கலந்த சொரசொரப்பான மண், அடியில் பளபளப்புப் பூச்சும் கிடையாது. உருஷி அமிலத்துக்கு அசையாது, ஆல்கஹாலுக்கு அசையாது, ஆனால் மணல் துகளுக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது. கடைக்காரர் தந்த பராமரிப்புச் சீட்டில் டிஷ்வாஷர் பற்றி இருந்தது, வெயில் பற்றி இருந்தது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் இதைச் சொல்ல வேண்டாமா?

நுண்ணிய உப்புத்தாளை நனைத்து அடிவளையத்தை வட்டமாகத் தேய்த்தால் பெருமளவு சரியாகிவிடும். சிலர் கோப்பைக்கு அடியில் துணி போடச் சொல்கிறார்கள். துணியை விரித்துவிட்டால் அந்தக் கறுப்பு எங்கே தெரியும்? அதற்குத்தானே காசு கொடுத்தோம்?

பழுதுபார்த்தவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். உருஷி காற்றில் சும்மா உலர்வதில்லை, ஈரப்பதம் மிகுந்த, வெதுவெதுப்பான அலமாரிக்குள் வைத்தால்தான் இறுகும். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அதன் மேல் கைவைக்க முடியும், செலவும் நாளும் அதில்தான் போகின்றன. போதாததற்கு, 2024 ஜனவரி 1 அன்று வாஜிமா இருக்கும் நோட்டோ தீபகற்பத்தை உலுக்கிய 7.6 அளவு நிலநடுக்கத்தில் வாஜிமாவின் காலைச் சந்தைத் தெருவே தீக்கிரையானது. பட்டறைகளை இழந்தவர்கள் இன்னும் மீண்டு கொண்டிருக்கும்போது தாமதத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

கோப்பையைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். புதிதில் ஹாகி கசியும், அடியில் ஈரவட்டம் விழும். அரிசி கழுவின தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்தால் மெல்ல அடங்கும். அப்புறம்தான் அதன் அழகே தொடங்குகிறது. மேற்பூச்சில் இருக்கும் மயிரிழை வெடிப்புகளுக்குள் தேநீர் ஊறி ஊறி, வெளிர் ரோஜா நிறத்தில் வாங்கிய கோப்பை இப்போது தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் கை முதலில் தேடிப் போவதே அதைத்தான். இதற்கு ஈடாக வேறு எந்தக் கோப்பையும் எனக்குத் தெரியாது.

ஆனாலும் நண்பரிடம் ஹாகி வேண்டாம் என்றுதான் சொன்னேன். ட்ரேயும் வேண்டாம். கிண்ணம் மட்டும் வாங்குங்கள். இல்லை, ட்ரே இருந்தே ஆக வேண்டும் என்றால் மரரேகை தெரியும்படி உருஷியைத் தேய்த்துத் துடைத்த ரகமாகப் பாருங்கள், கீறல் அவ்வளவாகக் கண்ணில் படாது. கோப்பை எதுவானாலும் பணம் கொடுப்பதற்கு முன் கவிழ்த்துத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் அங்கேயே தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.