பழைய சிவிக்கின் இசியூவில் எந்த சிப்பைப் போடுவது? 27சி256, 29சி256, 27எஸ்எஃப்512, எமுலேட்டர்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் 1992 முதல் 1995 வரை விற்பனையான ஹோண்டா சிவிக் இஎக்ஸ், எஸ்ஐ கார்களில் இருப்பது பி28 என்ற இசியூ, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர். டி16இசட்6 இன்ஜினுக்கான புரோகிராம் அதன் ஓகி பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. அதை அழித்து எழுத முடியாது. ஆனால் அதே போர்டில் வெளி மெமரி ஐசிக்கு 28 துளைகளும், பக்கத்தில் லாட்ச் ஐசிக்கு (முகவரியைப் பிடித்து வைக்கும் துணைச் சிப்) 20 துளைகளும் காலியாகக் கிடக்கின்றன. பெரிய இன்ஜெக்டரோ டர்போவோ போடுகிறவர்கள் அதற்கேற்ற புரோகிராமை வைக்க இந்த இடத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

அங்கே செருக நாலைந்து வழிகள் உண்டு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒருமுறை எழுதி ஓட்டப்போகிறவருக்கு 29சி256. பலமுறை மாற்றி எழுதுகிறவருக்கும் அதுவே, கிடைக்காவிட்டால் 27எஸ்எஃப்512. டியூனிங் (எரிபொருள், இக்னிஷன் அளவுகளைத் திருத்துவது) நடக்கும் நாட்களுக்கு மட்டும் எமுலேட்டர், அதாவது லேப்டாப்போடு இணைந்து சிப்பைப் போல நடிக்கும் கருவி. தபாலில் வரும் ரெடிமேட் சிப் யாருக்கும் வேண்டாம்.

வம்பு பண்ணும் பின் 1

28 பின் சிப்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சாக்கெட்டில் பொருந்தவும் பொருந்தும். ஆனால் முதல் பின்னுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. போர்டு வடிவமைக்கப்பட்டது 27சி256-க்காக. அந்தச் சிப்பில் பின் 1 புரோகிராமிங் வோல்டேஜுக்கானது. சும்மா படிக்கும்போது அதற்கு 5 வோல்ட் கொடுத்து வைத்தால் போதும். பி28 போர்டும் அதைத்தான் செய்கிறது.

ஏடி29சி256-இல் பின் 1 எழுத அனுமதிக்கும் பின். 5 வோல்ட்டில் அது உறங்கும், எழுதாது. ஏ14 முகவரிக் கோடு (எந்த இடத்தைப் படிப்பது என்று சொல்லும் கோடுகளில் ஒன்று) 27சி256-இல் இருப்பது போலவே பின் 27-இல் இருக்கிறது. அதனால் அப்படியே செருகலாம். ஏடி28சி256 என்று ஒரே ஓர் எண் மாறி இன்னொரு சிப் கடைகளில் கிடைக்கும். அதில் ஏ14 பின் 1-க்கும், எழுதும் பின் 27-க்கும் இடம் மாறியிருக்கும். அதைப் போட்டால் பிராசசர் கேட்பது ஒரு முகவரி, கிடைப்பது வேறொன்று. கார் ஸ்டார்ட் ஆகாது. ஆர்டர் போடும்போது இந்த 8, 9 வித்தியாசத்தை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

27எஸ்எஃப்512 என்பது 64 கிலோபைட் சிப். இசியூவின் புரோகிராம் 32 கிலோபைட்தான். இதில் பின் 1 என்பது ஏ15. போர்டு அதை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருப்பதால் பிராசசர் எப்போதும் மேல் பாதியை மட்டுமே படிக்கும். ஆகவே புரோகிராமை 0000-இலிருந்து எழுதக் கூடாது. சிப்பின் 8000 முதல் எஃப்எஃப்எஃப்எஃப் வரை எழுத வேண்டும். கீழ்ப் பாதியில் எழுதினால் இசியூவின் கண்ணில் படுவது வெறும் எஃப்எஃப் (எழுதாத இடத்தின் மதிப்பு) மட்டுமே. "சிப் டெட்" என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் இப்படி இடம் மாறி எழுதப்பட்டவையும் சேர்ந்துவிடுகின்றன. குழப்பமே வேண்டாமென்றால் அதே 32 கிலோபைட்டை இரு பாதிகளிலும் எழுதிவிடலாம்.

எழுதும் முறையும் வேறு. 29சி256-க்கு 5 வோல்ட் போதும். 64 பைட் பக்கங்களாக எழுதும், தனியாக அழிக்க வேண்டியதில்லை, 10,000 முறை தாங்கும். 27எஸ்எஃப்512-க்கு 12 வோல்ட் வேண்டும், முதலில் அழிக்க வேண்டும், தயாரித்த எஸ்எஸ்டி உறுதி தந்தது குறைந்தது 1,000 முறைக்கு. ஒரு காரைப் பொறுத்தவரை இரண்டுமே தாராளம். டிஎல்866 போன்ற புரோகிராமர் கருவி இரண்டையும் எழுதும்.

இரண்டின் உற்பத்தியும் நின்றுவிட்டது. சந்தையில் வருவது பெரும்பாலும் பழைய போர்டுகளில் இருந்து கழற்றியது, அல்லது மேலே சுரண்டி வேறு பெயர் அச்சடித்தது. எழுதும் முன் சிப்பின் அடையாள எண்ணைப் படித்துப் பாருங்கள். உண்மையான 27எஸ்எஃப்512 என்றால் பிஎஃப், ஏ4 என்று வரும். ஏடி29சி256 என்றால் 1எஃப், டிசி. எஸ்எஸ்டி பெயரில் வருவதற்குள் வின்பாண்ட் டபிள்யு27சி512 இருப்பதுண்டு. அதுவும் வேலை செய்யும், பின் அமைப்பும் அதேதான். ஆனால் அழிக்க 14 வோல்ட் கேட்கும், அதனால் புரோகிராமரில் அதன் சொந்தப் பெயரைத் தேர்ந்தால்தான் அழியும்.

ஜன்னல் வைத்த 27சி256

நடுவில் கண்ணாடி ஜன்னல் உள்ள இந்தச் சிப்பை அழிக்கப் புற ஊதா விளக்கின் அடியில் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். நேரடி வெயிலில் ஒரு வாரம் போல விட்டாலும் அழிந்துவிடும். அதனால் எழுதியபின் ஜன்னல் மேல் ஒளி புகாத ஸ்டிக்கர் கட்டாயம். பிளாஸ்டிக் உடலோடு ஜன்னலே இல்லாமல் வருவதை ஒருமுறைதான் எழுதலாம். எழுதி முடித்தால் மூன்றிலும் உறுதியானது இதுதான், எழுத்து தானாக மாறாது. ஆனால் எரிபொருள் அட்டவணையில் ஒரு கட்டத்தைத் திருத்த இருபது நிமிடம் காத்திருப்பது டியூனிங்குக்கு ஒத்துவராது. எல்லாம் முடிந்து இனி கைவைக்கப் போவதில்லை என்ற காருக்கு இதுவும் நல்ல தேர்வு.

தபாலில் வரும் ரெடிமேட் சிப்களில் இந்த வகையும் உண்டு. ரெவ் லிமிட்டை ஏற்றி, இக்னிஷனைச் சில டிகிரி முன்னே தள்ளியிருப்பார்கள். டி16இசட்6-இல் நாக் சென்சார் கிடையாது. இன்ஜின் தட்டினால் இசியூவுக்குத் தெரியாது, பின்வாங்கவும் செய்யாது. எந்தப் பெட்ரோலுக்கு எழுதியது என்றே தெரியாத ஒரு மேப்பை (எரிபொருள், இக்னிஷன் அட்டவணை) அந்த இன்ஜினில் போடுவது பிஸ்டனோடு விளையாடுவது.

எமுலேட்டர்

ஆஸ்ட்ரிச் 2.0 போன்ற எமுலேட்டர், சிப் இருக்க வேண்டிய சாக்கெட்டில் ரிப்பன் கேபிளால் செருகப்படும். மறுமுனை யுஎஸ்பி வழியே லேப்டாப்புக்கு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டத்தை மாற்றினால் அடுத்த நொடியே வைட்பேண்ட் மீட்டரில் (காற்று, எரிபொருள் விகிதத்தைக் காட்டுவது) பலன் தெரியும். ஸ்டாக் 240 சிசி இன்ஜெக்டரை எடுத்துவிட்டு 440 சிசி போட்ட காரில் இதன் அருமை புரியும். முதலில் 240-ஐ 440-ஆல் வகுத்து வரும் 0.545-ஐப் பெருக்கியாகக் கொடுத்தால் கார் ஸ்டார்ட் ஆகிவிடும். அதற்குப் பிறகு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) தடுமாறும், ஏனென்றால் புது இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம் வேறு. அந்த நேரத்தைச் சரிசெய்யாமல் எரிபொருள் கட்டங்களைப் பிடித்துத் திருத்தினால் ஐடில் சரியாகும், மற்ற இடம் கெடும். இப்படிச் சிறிது சிறிதாகத் தேட வேண்டிய வேலையில் ஒவ்வொரு முறையும் சிப்பைக் கழற்றி எழுதுவது நாளையே தின்றுவிடும்.

ஆனால் அதைக் காரிலேயே விட்டுவைப்பதை நான் ஏற்கவில்லை. உள்ளே பேட்டரி இருப்பதால் யுஎஸ்பியை எடுத்தாலும் மேப் நிற்கும் என்பது உண்மை. ஆனால் பி28 இருப்பது முன் பயணியின் காலடியில், கார்ப்பெட்டுக்குப் பின்னால். ஒரு செருப்பு ரிப்பனில் இடித்தாலும் இன்ஜின் ஓடும்போதே நின்றுவிடலாம். மேப் முடிந்ததும் 29சி256-இல் எழுதிச் செருகிவிட்டு எமுலேட்டரைக் கழற்றி வையுங்கள்.

ஹோண்டேட்டா எஸ்300 இவற்றோடு ஒப்பிட வேண்டிய பொருளே அல்ல. இசியூவின் மேல் உட்காரும் இன்னொரு போர்டு. டேட்டா லாக், பூஸ்ட் கட்டுப்பாடு, எல்லாம் ஒரே மென்பொருளில். டர்போ காருக்கு அதன் விலை நியாயம். இன்ஜெக்டர் மட்டும் மாற்றிய காருக்கு அது அதிகம்.

எதைப் போட்டாலும் இந்தச் சால்டரிங் உண்டு

தேவைப்படுபவை: 28 பின் சாக்கெட் 1, 74ஹெச்சி373 லாட்ச் 1, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் 2 (சி51, சி52), 1 கிலோஓம் ரெசிஸ்டர் 1 (ஆர்54), ஜே1-க்கு ஒரு துண்டுக் கம்பி. ஓகி பிராசசர் முகவரியின் கீழ் 8 பிட்டுகளையும் டேட்டாவையும் ஒரே கோடுகளில் மாறி மாறி அனுப்புகிறது. முகவரியைப் பிடித்து வைத்திருக்க லாட்ச் வேண்டும். வெளி சிப்பைப் படி என்று பிராசசருக்குச் சொல்வது ஜே1.

தொடங்கும் முன் போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் அடியைப் பாருங்கள். முப்பது வருடத்தில் கசிந்து, சுற்றியுள்ள செம்புத் தடத்தை அரித்திருந்தால் முதல் வேலை அதை மாற்றுவதுதான்.

துளைகளில் ஃபேக்டரி சால்டர் நிரம்பியிருக்கும், மேலே வார்னிஷ் பூச்சும் உண்டு. ஃப்ளக்ஸ் தடவி, கொஞ்சம் புது சால்டர் சேர்த்து உருக்கி, பிறகு சக்கரால் உறிஞ்சினால் சுலபமாக வரும். கிரவுண்டோடு சேர்ந்த துளைகள் (மெமரியில் 14, லாட்ச்சில் 10) சூட்டை இழுத்துக்கொள்ளும், அவற்றுக்கு அதிக நேரம் தேவை. அவசரத்தில் முனையை அழுத்தித் தேய்த்தால் பேட் உரிந்து வரும்.

சிப்பைச் செருகும் முன் சாவியைத் திருப்பி, காலி சாக்கெட்டில் 14-க்கும் 28-க்கும் இடையே 5 வோல்ட் வருகிறதா, பின் 1-இலும் 5 வோல்ட் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சாவியை அணைத்தபின், சிப்பின் வெட்டு போர்டில் அச்சிட்ட வெட்டோடு சேரும்படி செருகுங்கள். தலைகீழாகப் போய்விட்டால் சப்ளையும் கிரவுண்டும் மாறி, சிப் சில நொடிகளில் சுட்டு வீணாகும்.

நல்ல நிலையில் இருந்தால் செக் இன்ஜின் விளக்கு இரண்டு நொடி எரிந்து அணையும், பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்டு நிற்கும். விளக்கு அணையாமலே எரிந்தால் இசியூவால் சிப்பைப் படிக்க முடியவில்லை: தவறான பாதியில் எழுதியது, உலர்ந்த சால்டர், லாட்ச், செக்சம் (புரோகிராமைச் சரிபார்க்கும் கூட்டுத்தொகை) என்று வரிசையாகப் பாருங்கள். கார் நன்றாக ஓடி, மாற்றம் மட்டும் எதுவும் தெரியவில்லை என்றால் ஜே1 ஒட்டவில்லை, இசியூ இன்னும் உள் புரோகிராமில்தான் ஓடுகிறது. எதுவும் பிடிபடவில்லை என்றால் சிப்பை எடுத்துவிட்டு ஜே1 கம்பியின் ஒரு முனையைத் தூக்கி, சாவியைத் திருப்புங்கள். விளக்கு இரண்டு நொடியில் அணைந்தால் இசியூ நன்றாகவே இருக்கிறது. தேட வேண்டிய இடம் அந்த 48 துளைகளும் சிப்பில் எழுதியதும் மட்டும்.