ஜீன் டெஸ்ட் எடுக்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டுப் போங்க

பையனுக்கு 3 வயசாகியும் பேச்சு வரல, உடம்பும் துவண்டே இருக்கும், டாக்டர் ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. முதல்ல ஒரு லேப்ல மைக்ரோஅரே எடுத்தோம், நார்மல்னு வந்துச்சு, அப்பாடான்னு விட்டுட்டோம். குரோமோசோம்ல துண்டு காணாம போனாலோ கூடுதலா இருந்தாலோதான் அதுல தெரியும், ஜீனுக்குள்ள ஒரு எழுத்து விட்டுப்போனா தெரியாதுன்னு அங்க ஒருத்தர் கூட சொல்லல. ஒரு வருஷம் வீணாப்போச்சு, அந்தக் கோபம் இன்னும் ஆறல.

ரெண்டாவது இடத்துல எக்ஸோம் டெஸ்ட், அதாவது ஜீன்கள்ல புரோட்டீனுக்கான பகுதிகளை எழுத்து எழுத்தாப் படிக்கிறது. ஷாங்க்3 ஜீன்ல கோளாறு, ஃபீலன்-மெக்டெர்மிட் சிண்ட்ரோம்னு வந்துச்சு. ரிப்போர்ட் சொன்ன தேதியைத் தாண்டித்தான் கைக்கு வந்தது, நாங்கதான் போன் பண்ணிக்கிட்டே இருந்தோம், அதுக்கு ஒரு ஸ்டார் குறைச்சிருக்கேன். ஆனா அங்க ஜீன் ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்றதுக்குன்னே இருந்த கவுன்சிலர் மேடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேப்பர்ல படம் போட்டே விளக்குனாங்க. ரெண்டு நரம்பு செல் சந்திக்கிற இடத்துல சிக்னல் வாங்குற பக்கம், அதைப் பிடிக்கிற ரிசெப்டரெல்லாம் அதது இடத்துல நிக்கணும்னா அடியில சாரம் கட்டுன மாதிரி புரோட்டீன்கள் கோர்த்துப் பிடிச்சிருக்கணுமாம், அதுல ஒரு முக்கியமான கம்பு இந்த ஷாங்க்3, அதோட ஜீன் 22ஆவது குரோமோசோம் நுனிக்கிட்ட இருக்கு. அந்த ஜீனுக்கு இருக்கிற ரெண்டு காப்பில ஒண்ணு நல்லாதான் இருக்கு, ஆனா அதுலருந்து மட்டும் வர்ற பாதி புரோட்டீன் பத்தல.

அப்புறம் திடீர்னு "கீழ விழுந்தா அழுவானா?"ன்னு கேட்டாங்க. நானும் வீட்டுக்காரம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். கதவுல விரல் நசுங்கி நகமே நீலமாப் போனப்பவும் அவன் பாட்டுக்கு விளையாடிட்டு இருந்தான், தைரியமான புள்ளைன்னு நினைச்சோம். இந்தக் குழந்தைங்க நிறைய பேருக்கு வலி உணர்வு கம்மியாம், காது வலி வயித்து வலின்னாலும் வெளிய தெரியாது, நாமதான் பார்க்கணும்னு சொன்னாங்க. இப்போ தினமும் குளிப்பாட்டும்போது தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்க்கிறோம்.

எங்க ரெண்டு பேருக்கும் டெஸ்ட் பண்ணுனதுல அந்த மாற்றம் இல்ல, இவன்கிட்ட புதுசா வந்ததுதான். மாசமா இருந்தப்போ எதையோ தப்பா சாப்பிட்டுட்டேன்னு 3 வருஷமா மனசுக்குள்ள வச்சிருந்தவ அன்னிக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதா. அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு ரொம்ப கம்மி, சுத்தமா இல்லன்னு சொல்லிட முடியாதுன்னும் ஒளிக்காம சொன்னாங்க.

எந்த லேப்புக்குப் போனாலும் ரத்தம் குடுக்கிறதுக்கு முன்னாடியே இந்த டெஸ்ட்ல எது தெரியாதுன்னு கேளுங்க, ரிப்போர்ட்டை மெயில்ல மட்டும் வாங்காம கவுன்சிலர்கிட்ட நேரம் வாங்கிட்டுப் போங்க.