கரையேறும் படகு: ஒரே ஓவியம், இரண்டு வாசிப்புகள்

அன்டன் மாவ் 1882-ல் வரைந்த ஓவியம். நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் கனத்த மீன்பிடி படகு ஒன்றைக் குதிரைகள் மேட்டுக்கு இழுக்கின்றன. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம்.

முதலாவது ஓவியர் வான்கோ படித்த விதம். மாவ் அவருக்கு உறவினர், கொஞ்ச காலம் ஆசானும்கூட. தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், வருவதை எதிர்க்காமல் ஏற்றுக்கொள்வதைப் பற்றி இதைவிட நல்ல பிரசங்கத்தைக் கேட்டதில்லை என்கிறார். வியர்த்து மூச்சுவாங்கி நிற்கும் வாயில்லா ஜீவன்கள், முணுமுணுக்காமல் இன்னும் கொஞ்சம் இழுக்கும் என்கிற பார்வை. மனதைத் தொடும், சரி. ஆனால் குதிரையைச் சீக்கிரமே உவமையாக்கிவிடுகிறது.

இரண்டாவது, வேலையைப் பார்ப்பது. ஸ்கெவெனிங்கனில் 1904 வரை துறைமுகம் கிடையாது. அதனால் படகுகளுக்குத் தட்டையான அடிப்பாகம். மணலிலேயே வந்து தரைதட்ட வேண்டும். அலை அடித்து நொறுக்காதபடி மேலே ஏற்றுவதற்குத்தான் குதிரை. இப்படிப் பார்த்தால் ஓவியத்தில் கண் போகும் இடமே மாறுகிறது: கயிறு எவ்வளவு விறைப்பு, குளம்பு ஈரமணலில் எவ்வளவு புதைகிறது, எந்தக் குதிரை பாரத்தை ஏற்கிறது. சாம்பல் வானமும் அப்புறம் வெறும் சோகநிறமாகத் தெரிவதில்லை, அந்தக் கடற்கரையின் வானிலையாகத் தெரிகிறது.

என் ஓட்டு இரண்டாவதற்கு. வான்கோவும், பிரசங்கத்துக்கு முன், குதிரைகள் நின்று மூச்சுவாங்குவதைத்தானே முதலில் கவனித்தார்!